திரும்பி வந்த சேனை

வேதபகுதி: 1 இராஜாக்கள் 12:1-24, 2 நாளாகமம் 10:1 - 11:17

எருசலேமில் ஒரு பெருஞ்சேனை கூடியது. யூதா, பென்யமீன் என்னும் இரண்டு கோத்திரங்களிலுமிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட 1,80,000 யுத்தவீரர் அதில் இருந்தார்கள். அவர்களைக் கூட்டியவன் தாவீதின் பேரனும் சாலொமோனின் குமாரனுமாகிய ரெகொபெயாம். பிரிந்துபோன பத்துக் கோத்திரங்களையும் யுத்தத்தினால் மீட்டு, ராஜ்யத்தை மறுபடியும் ஒன்றாக்குவதே அவனுடைய நோக்கம். ஆனால் அந்த யுத்தம் நடக்கவில்லை. ஒரு வாளும் உருவப்படவில்லை. ஒரு தீர்க்கதரிசியின் வார்த்தையைக் கேட்டு, அத்தனை பேரும் தத்தம் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.

வென்ற யுத்தங்களையும் தோற்ற யுத்தங்களையும் வேதம் நிறையவே சொல்லுகிறது. நடவாமற்போன இந்த யுத்தத்தையும் அது மறவாமல் எழுதி வைத்திருக்கிறது. அதுவும் இரண்டு புத்தகங்களில். சகோதரருக்குள் பிரிவினை உண்டாகும்போது தேவன் எதை விரும்புகிறார், எதைத் தடுக்கிறார் என்பதை இச்சம்பவம் தெளிவாகக் காட்டுகிறது.

1. பிரிவினையின் வேர்கள்

ராஜ்யம் ஒரே நாளில் உடைந்துவிடவில்லை. சவுல் இறந்தபின் தாவீது எப்ரோனில் ஏழரை ஆண்டுகள் யூதாவை மாத்திரமே ஆண்டான். சவுலின் வீட்டாருக்கும் தாவீதின் வீட்டாருக்கும் நெடுநாள் யுத்தம் நடந்தது. முடிவில் இஸ்ரவேலின் மூப்பர் எல்லாரும் எப்ரோனுக்கு வந்தார்கள், தாவீது கர்த்தருக்கு முன்பாக அவர்களோடே உடன்படிக்கை பண்ணினான், அதன்பின்பே அவர்கள் அவனை ராஜாவாக அபிஷேகம்பண்ணினார்கள் (2 சாமு. 5:3). வடகோத்திரங்களைத் தாவீதின் வீட்டோடு இணைத்தது வாள் அல்ல, உடன்படிக்கை. அந்த இணைப்பு எளிதில் நெகிழக்கூடியது என்பதும் தாவீதின் நாளிலேயே தெரிந்தது. பென்யமீனனாகிய சேபா எக்காளம் ஊதியபோது, இஸ்ரவேலர் தாவீதை விட்டு அவன் பின்னே போனார்கள் (2 சாமு. 20).

சாலொமோனின் நாட்களில் ராஜ்யம் செழித்தது. ஆனால் அதன் பாரத்தை ஜனங்களே சுமந்தார்கள். லீபனோனுக்கு அனுப்ப 30,000 பேர் அமஞ்சி ஆட்களாகப் பிடிக்கப்பட்டார்கள். மாதத்துக்குப் பதினாயிரம் பேராக அவர்கள் முறைமாறிப் போனார்கள். சுமைசுமக்கிறவர்கள் 70,000 பேர், மலைகளில் மரமும் கல்லும் வெட்டுகிறவர்கள் 80,000 பேர், அவர்களை வேலைவாங்கிய விசாரிப்புக்காரர் 3,300 பேர் (1 இராஜா. 5:13-16). தேவாலயம் ஏழு ஆண்டுகளில் கட்டி முடிந்தது. ராஜாவின் அரமனைக்குப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. எருசலேமின் பொன் மின்னிக்கொண்டிருக்கையில், கிராமங்களில் மனக்குமுறல் வளர்ந்துகொண்டிருந்தது.

ஆவிக்குரிய வேர் இதைவிட ஆழமானது. சாலொமோன் தன் முதிர்வயதில் அந்நிய தேவர்களுக்கு மேடைகளைக் கட்டினான். ஆகவே சீலோனியனாகிய அகியா என்னும் தீர்க்கதரிசி ஒரு புதுச்சால்வையைப் பன்னிரண்டு துண்டுகளாகக் கிழித்து, பத்துத் துண்டுகளை யெரொபெயாமின் கையில் கொடுத்தான். யோசேப்பு வீட்டாரின் சுமைவேலைக்கு விசாரிப்புக்காரனாகச் சாலொமோனாலேயே நியமிக்கப்பட்டிருந்தவன் இந்த யெரொபெயாம். ஜனங்களின் பாரத்தை அவன் அருகிலிருந்து கண்டவன். சாலொமோன் அவனைக் கொல்ல வகைதேடியபோது, அவன் எகிப்தின் ராஜாவாகிய சீஷாக்கிடம் ஓடிப்போய், சாலொமோன் மரிக்குமட்டும் அங்கே தங்கியிருந்தான் (1 இராஜா. 11:26-40). இந்தச் சீஷாக் மறுபடியும் வருவான்.

2. சீகேமில் மூன்று நாட்கள்

ஏறக்குறைய கி.மு. 931-இல் சாலொமோன் மரித்தான். ரெகொபெயாமை ராஜாவாக்கும்படி இஸ்ரவேலர் எல்லாரும் சீகேமிலே கூடினார்கள். ஏபால் மலைக்கும் கெரிசீம் மலைக்கும் இடையில் அமைந்த ஊர் அது. ஆபிரகாம் கானானில் முதலாவது பலிபீடம் கட்டியது அங்கே. யோசுவா ஜனங்களோடே உடன்படிக்கை பண்ணியதும், யோசேப்பின் எலும்புகள் அடக்கம்பண்ணப்பட்டதும் அங்கேதான். யூதாவில் ராஜாவாக அவன் ஏற்கப்பட்டிருந்தாலும், வடகோத்திரங்களின் சம்மதத்தைப் பெற அவர்களிடத்திற்கே அவன் போகவேண்டியிருந்தது. எப்ரோனில் அவன் பாட்டனோடு உடன்படிக்கை செய்த ஜனம், சீகேமில் பேரனுடைய வாக்கைக் கேட்கக் காத்திருந்தது.

அவர்கள் கேட்டது ஒன்றே: தகப்பன் வைத்த பாரமான நுகத்தை இலகுவாக்கவேண்டும்; அப்படியானால் அவனைச் சேவிப்பார்கள். கலகம் செய்ய வந்தவர்கள் இப்படிக் கேட்பதில்லை. வாசல் இன்னும் திறந்தே இருந்தது.

ரெகொபெயாம் மூன்று நாள் தவணை கேட்டான். தவணை கேட்டது நல்லது. அந்த நாட்களை அவன் செலவிட்ட விதமே தவறு. சாலொமோனின் சமுகத்தில் நின்ற முதியோர், ராஜா இன்று ஜனங்களுக்குச் சேவகனாகி நல்வார்த்தை சொன்னால் அவர்கள் என்றைக்கும் அவனுக்குச் சேவகராயிருப்பார்கள் என்றார்கள். அவனோடே வளர்ந்த வாலிபர்களோ கடுமையாகப் பேசும்படி அவனை ஏவினார்கள். ரெகொபெயாம் ராஜாவானபோது அவனுக்கு வயது நாற்பத்தொன்று (1 இராஜா. 14:21). ஆகவே அவனோடே வளர்ந்த அந்த வாலிபரும் சிறுவர்கள் அல்லர். அவர்களிடம் இல்லாதிருந்தது வயதல்ல, பிறர் பாரத்தை அறிந்த அனுபவம். அரமனையில் வளர்ந்தவர்களுக்கு நுகத்தின் எடை தெரியவில்லை.

கர்த்தரிடத்தில் விசாரித்தான் என்று அந்த மூன்று நாட்களைக்குறித்து ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை. தன் தகப்பன் கட்டிய ஆலயம் இருக்கையில், கிபியோனில் ஞானத்தைக் கேட்ட அந்தத் தகப்பனின் ஜெபம் நினைவில் இருந்திருக்கவேண்டிய வேளையில், அவன் மனுஷருடைய ஆலோசனையோடு நின்றுவிட்டான். மூன்றாம் நாளில், தகப்பன் சவுக்கினால் தண்டித்தான் என்றால் தான் தேளினால் தண்டிப்பதாகச் சொன்னான். ஜனங்கள் தங்கள் கூடாரங்களுக்குத் திரும்பினார்கள். பல ஆண்டுகளாகக் கட்டப்பட்ட ஐக்கியம் ஒரே பதிலில் அறுந்துபோனது.

3. தவறை மறைக்கக் கூட்டிய சேனை

அதன்பின்பும் ரெகொபெயாம் நிலைமையை அறிந்துகொள்ளவில்லை. ஜனங்களைச் சமாதானப்படுத்த வேண்டிய வேளையில், அமஞ்சி வேலைக்குத் தலைவனாகிய அதோராமையே அவர்களிடத்தில் அனுப்பினான். எந்தப் பாரத்தைக்குறித்து அவர்கள் முறையிட்டார்களோ, அந்தப் பாரத்தின் அதிகாரியே அவர்கள்முன் வந்து நின்றான். அவர்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். ராஜா தீவிரமாய் இரதத்தில் ஏறி எருசலேமுக்கு ஓடிப்போனான்.

அவமானமும் கோபமும் நிறைந்த இந்த மனநிலையில்தான் 1,80,000 பேரும் கூட்டப்பட்டார்கள். மனுஷருடைய பார்வையில் ராஜாவின் பக்கம் நியாயங்கள் உண்டு. தாவீதின் சிங்காசனத்துக்கு அவனே சுதந்தரவாளி. தாவீதின் வீட்டுக்கு வாக்குத்தத்தம் உண்டு. ராஜாவின் ஊழியக்காரன் கொலைசெய்யப்பட்டிருக்கிறான். ஆலயம் எருசலேமில் இருக்கிறது. ஜனம் அதைவிட்டுப் பிரிந்துபோனால் ஆராதனை கெடும். ஒரு நல்ல நோக்கத்துக்காகவே யுத்தம் என்று சொல்ல அவனுக்கு எல்லாம் இருந்தது.

இல்லாதது ஒன்றுதான். ஒற்றுமையைக் கெடுத்தது தன் சொந்த வார்த்தையே என்ற உணர்வு அவனுக்கு வரவில்லை. தன் தவறை அறிக்கையிடுவதைவிட ஒரு சேனையைக் கூட்டுவது அவனுக்கு எளிதாயிருந்தது. கடுஞ்சொல்லினால் போனதைக் கூர்வாளினால் கொண்டுவர நினைத்தான்.

இப்படிப்பட்ட யுத்தத்தின் விலையைச் சேனையிலிருந்த பென்யமீனர் அறிந்திருக்கவேண்டும். நியாயாதிபதிகளின் காலத்தில் மற்றக் கோத்திரங்கள் பென்யமீனோடு யுத்தம்பண்ணின. முதல் நாளில் இஸ்ரவேலரில் 22,000 பேரும், மறுநாளில் 18,000 பேரும் விழுந்தார்கள். முடிவில் பென்யமீனில் ரிம்மோன் கன்மலைக்கு ஓடிப்போன 600 பேர் மாத்திரம் மிஞ்சினார்கள். வென்றவர்களோ, ஒரு கோத்திரம் அறுப்புண்டு போயிற்றே என்று தேவனுக்கு முன்பாக உட்கார்ந்து அழுதார்கள் (நியா. 20, 21). சகோதர யுத்தத்தில் வெற்றி பெற்றவனும் அழவேண்டியிருக்கிறது.

4. தேவனுடைய மனுஷன் கொண்டுவந்த செய்தி

அந்த வேளையில் தேவனுடைய வார்த்தை சேமாயாவுக்கு உண்டாயிற்று. அவன் யாருடைய குமாரன், எந்த ஊரான் என்பது சொல்லப்படவில்லை. அவன் அடையாளமோ அற்புதமோ காட்டவில்லை. 1,80,000 பேருக்கு எதிரே அவன் கையில் இருந்தது ஒரு செய்தி மாத்திரமே. அந்தச் செய்தி ராஜாவுக்கு மட்டும் அல்ல, யூதா வீட்டார், பென்யமீன் வீட்டார், மற்ற ஜனங்கள் அனைவருக்கும் சொல்லப்பட்டது. யுத்தத்துக்கு ராஜா பொறுப்பாளி. ஆனால் வாள் பிடிக்கும் ஒவ்வொருவனும் தன் கைக்குப் பொறுப்பாளி.

செய்தியில் மூன்று காரியங்கள் அடங்கியிருந்தன.

முதலாவது, எதிரே நிற்பவர்கள் யார் என்பது. அவர்களைக் கலகக்காரர் என்று தேவன் அழைக்கவில்லை; இஸ்ரவேல் புத்திரராகிய சகோதரர் என்றே அழைத்தார். ராஜ்யம் பிரிந்தது, உறவு பிரியவில்லை. கொடி மாறினாலும் இரத்தம் மாறுவதில்லை. பிணக்கு உண்டானவுடன் மனுஷன் முதலாவது மாற்றுவது பெயரைத்தான். நேற்றுவரை சகோதரன் என்றவனை இன்றைக்குச் சத்துரு என்கிறான். தேவன் பழைய பெயரையே திரும்பவும் சொன்னார்.

இரண்டாவது, அவரவர் வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்பது. பேச்சுவார்த்தை முடியும்வரை காத்திருக்கவோ, எல்லையில் பாளயமிறங்கியிருக்கவோ அனுமதி இல்லை. சேனை கலையவேண்டும், வீரன் மறுபடியும் குடியானவன் ஆகவேண்டும்.

மூன்றாவது, இந்தக் காரியம் தேவனாலே ஆயிற்று என்பது. ரெகொபெயாம் குற்றமற்றவன் என்று இதற்கு அர்த்தமல்ல. அவன் அகந்தையாய்ப் பேசினதும் உண்மை. அகியாவின் மூலம் சொல்லப்பட்டது நிறைவேறினதும் உண்மை. மனுஷனுடைய பிழையின் வழியாகவும் தேவன் தம்முடைய நியாயத்தீர்ப்பை நடத்துகிறார். ஆகவே அந்தச் சேனை யெரொபெயாமுக்கு விரோதமாய் மாத்திரம் புறப்படவில்லை. தேவனுடைய தீர்ப்புக்கு விரோதமாகவும் புறப்பட்டது. இழப்பில் தேவனுடைய கரத்தைக் காண மறுக்கிறவன், அதற்கு யாரையாவது பழிவாங்கத் தேடுகிறான்.

5. திரும்பிப்போவதன் மேன்மை

அவர்கள் கேட்டார்கள், திரும்பினார்கள். வேதம் இதை மிகச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறது. ஆனால் அந்தச் சுருக்கத்துக்குள் எவ்வளவு இருக்கிறது! சேனையைக் கூட்டிவிட்டு யுத்தமின்றி அனுப்புவது ஒரு ராஜாவுக்குப் பெரிய வெட்கம். அண்டை தேசங்கள் ஏளனம்பண்ணும். அதோராமின் இரத்தத்துக்குப் பதில் கேட்கப்படவில்லை என்று அரமனையிலே முறுமுறுப்பு எழலாம். கடுமையாகப் பேசும்படி ஏவின அந்தத் தோழருக்கு முன்பாக அவன் தன் சொல்லை விழுங்கவேண்டும். சீகேமில் முதியோரின் சொல்லைத் தள்ளின ரெகொபெயாம், எருசலேமில் சேமாயாவின் சொல்லுக்கு இணங்கினான். அவனுடைய வாழ்நாளின் மிகச் சிறந்த நாள் இதுவே எனலாம்.

இதன் பலன் விரைவில் காணப்பட்டது. யெரொபெயாம் பெத்தேலிலும் தாணிலும் பொன் கன்றுக்குட்டிகளை வைத்து, லேவியரை ஆசாரிய ஊழியத்திலிருந்து தள்ளிவிட்டான். அப்போது லேவியர் தங்கள் வெளிநிலங்களையும் காணியாட்சிகளையும் விட்டு யூதாவுக்கு வந்தார்கள். அவர்கள் பின்னே, கர்த்தரைத் தேடும்படி இருதயத்தை நேராக்கினவர்கள் இஸ்ரவேலின் எல்லாக் கோத்திரங்களிலுமிருந்து எருசலேமுக்கு வந்தார்கள். மூன்று வருஷம் அவர்கள் யூதாவின் ராஜ்யத்தைப் பலப்படுத்தினார்கள் (2 நாளா. 11:13-17). சேனை போயிருந்தால் அந்த ஜனங்களில் எத்தனை பேர் வாளுக்கு இரையாகியிருப்பார்களோ! வாள் உறையிலிருந்தபடியால் அவர்கள் தாங்களாகவே வந்தார்கள்.

6. ஒரு நாள் கீழ்ப்படிதல் போதாது

ஆயினும் இச்சரித்திரம் இத்துடன் முடியவில்லை. ரெகொபெயாம் பெத்லெகேம், தெக்கோவா, லாகீஸ், எப்ரோன் முதலான பதினைந்து பட்டணங்களை அரணிப்பாக்கி, அவைகளில் ஆகாரமும் எண்ணெயும் திராட்சரசமும் பரிசைகளும் ஈட்டிகளும் சேர்த்தான். தன்னைப் பலப்படுத்திக்கொண்டபின் அவன் கர்த்தருடைய நியாயப்பிரமாணத்தை விட்டுவிட்டான். அவனுடைய ஐந்தாம் வருஷத்தில் எகிப்தின் சீஷாக் 1,200 இரதங்களோடும் 60,000 குதிரைவீரரோடும் வந்து, அந்த அரணான பட்டணங்களைப் பிடித்தான். சாலொமோன் செய்வித்த பொற்பரிசைகள் கொள்ளைபோயின, அவைகளுக்குப் பதிலாக ரெகொபெயாம் வெண்கலப் பரிசைகளைச் செய்வித்தான் (2 நாளா. 12:1-10).

இந்தச் சீஷாக், எகிப்தின் 22-ஆம் ராஜவம்சத்தை நிறுவிய முதலாம் ஷோஷெங்க் என்றே ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருதுகின்றனர். கர்நாக் ஆலயச் சுவரில் அவன் தன் படையெடுப்பைக்குறித்துப் பொறித்துவைத்த ஊர்ப்பெயர்ப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் மெகிதோ, தானாக், பெத்செயான் ஆகிய வடராஜ்யத்து ஊர்களின் பெயர்களும் உண்டு. அவன் பெயர் பொறித்த கல்லின் துண்டு ஒன்று மெகிதோவிலேயே கண்டெடுக்கப்பட்டது. யெரொபெயாமுக்கு அடைக்கலம் கொடுத்தவன், யெரொபெயாமின் தேசத்தையும் விட்டுவைக்கவில்லை. சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் எல்லையில் காவல்காத்துக்கொண்டிருக்க, அந்நியன் இருவருடைய வீட்டிலும் புகுந்தான்.

அந்த இக்கட்டிலும் வந்து நின்றவன் சேமாயாதான். ராஜாவும் பிரபுக்களும் தங்களைத் தாழ்த்தினபடியால் எருசலேம் அழியாமல் தப்பியது. ஆனால் ரெகொபெயாமுக்கும் யெரொபெயாமுக்கும் அவர்கள் உயிரோடிருந்த நாளெல்லாம் யுத்தம் நடந்துகொண்டிருந்தது என்றும் வேதம் மறைக்காமல் சொல்லுகிறது (1 இராஜா. 14:30). சேனை வீட்டுக்குப் போனது. பகை வீட்டுக்குப் போகவில்லை. வாளைக் கீழே வைத்தவன் சீகேமுக்குத் திரும்பிப்போய் ஒரு நல்வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னதாக எங்கும் எழுதப்படவில்லை. அவன் பேரன் ஆசாவின் நாளில், யூதாவின் ராஜாவே ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியாவின் ராஜாவுக்கு அனுப்பி, சகோதர ராஜ்யத்தின்மேல் அந்நியனை ஏவிவிட்டான் (1 இராஜா. 15:18-20). கி.மு. 722-இல் வடராஜ்யமும், கி.மு. 586-இல் தென்ராஜ்யமும் விழுந்தன.

7. சேனை அல்ல, நிருபம்

ரெகொபெயாமின் நாளுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின்பு, அவன் வம்சத்தில் வந்த எசேக்கியாவும் பிரிந்த கோத்திரங்களை நினைத்தான். அசீரிய ராஜாக்களின் கைக்குத் தப்பின சிலரே வடக்கே மீந்திருந்தார்கள். எசேக்கியா வீரரைக் கூட்டவில்லை. நிருபங்களை எழுதி, பெயெர்செபா தொடங்கி தாண்மட்டும் அஞ்சற்காரரை அனுப்பி, எருசலேமில் பஸ்காவை ஆசரிக்க வரும்படி அழைத்தான். அநேகர் அவர்களைப் பார்த்து நகைத்தார்கள். ஆனாலும் ஆசேர், மனாசே, செபுலோன் கோத்திரத்தாரில் சிலர் தங்களைத் தாழ்த்தி வந்தார்கள். முறைப்படி சுத்தம்பண்ணிக்கொள்ளாமல் வந்தவர்களுக்காக எசேக்கியா விண்ணப்பம்பண்ணினான். சாலொமோனின் நாட்களுக்குப்பின் எருசலேமில் அப்படிப்பட்ட சந்தோஷம் இருந்ததில்லை (2 நாளா. 30). 1,80,000 வீரரைக்கொண்டு அடைய நினைத்ததின் ஒரு பங்கை, சில அஞ்சற்காரரும் ஒரு ஜெபமும் கொண்டுவந்தன.

பாபிலோன் சிறையிருப்பில் எசேக்கியேல் கண்டதும் இதுவே. யூதாவுக்கு ஒரு கோல், யோசேப்புக்கு ஒரு கோல், இரண்டும் தீர்க்கதரிசியின் கையில் ஒன்றாகின்றன (எசேக். 37). ஒரு கோல் மற்றதை அடித்து முறிப்பதில்லை. இரண்டையும் ஒரே கரம் பிடிக்கிறது. சீகேமுக்கு அருகேயுள்ள யாக்கோபின் கிணற்றண்டையில், யூதராகிய இயேசு ஒரு சமாரிய ஸ்திரீயிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார் (யோவான் 4). தாவீதின் குமாரன் ஒருவன் தேளைக் காட்டி மிரட்டின ஊரின் அருகே, தாவீதின் குமாரன் என்னப்பட்டவர் கை நீட்டித் தண்ணீர் கேட்டு, பழைய பகையின் சுவரைக் கடந்தார்.

முடிவுரை

சபைகள் பிரிகின்றன. குடும்பங்களில் பாகப்பிரிவினையால் சகோதரர் பேசாதிருக்கிறார்கள். வழக்கு மன்றங்களில் இரண்டு பக்கத்திலும் வேதத்தைக் கையில் பிடித்தவர்கள் நிற்கிறார்கள். ஒற்றுமைக்காகவே போராடுகிறோம் என்று இருசாராரும் சொல்லுகிறார்கள். இப்படிப்பட்ட வேளையில் ஆள் சேர்ப்பது எளிது. சேர்த்த ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதே கடினம். ரெகொபெயாம் அந்தக் கடினமான காரியத்தைச் செய்தான். அதற்காக அவன் நினைக்கப்படத்தக்கவன். அதற்கு அடுத்த காரியத்தைச் செய்யாமல் விட்டான். அதற்காக அவன் எச்சரிப்பாக நிற்கிறான். யுத்தத்தை நிறுத்துவது கீழ்ப்படிதலின் முதல் படி. சீகேமுக்குத் திரும்பிப்போய், முன்பு மறுத்த அந்த நல்வார்த்தையைச் சொல்லுவது அடுத்த படி.

சிந்தனைக்கு

1. ரெகொபெயாம் சீகேமில் கேட்ட ஆலோசனைக்கும் எருசலேமில் கேட்ட வார்த்தைக்கும் உள்ள வேறுபாடு என்ன?

2. பிரிந்துபோனவர்களைத் தேவன் எந்தப் பெயரால் அழைத்தார்? இன்று பிரிந்திருப்பவர்கள் எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறார்கள்?

3. நிறுத்தப்படவேண்டிய யுத்தம் எது? அனுப்பப்படவேண்டிய நிருபம் எது?